படுதாவுக்குப் பின்னால் யார் யார்?

ஆண்டு விழா நாடகத்துக்கு ஆள் எடுக்கும் நாளில் பெரும்பாலான பள்ளிகளில் ஒரே காட்சிதான். நன்றாகப் பேசுகிறவர்களுக்கு வேஷம். சுமாராகப் பேசுகிறவர்களுக்குக் காவலாளி, மரம், ஊர்க்கூட்டம். வாயே திறக்காதவர்களிடம், “நீங்கள்லாம் ஸ்டேஜ் வேலை பாருங்கப்பா” என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஸ்டேஜ் வேலை என்னவென்று கடைசி வரை யாரும் விளக்குவதில்லை. விழா அன்று தமிழாசிரியையே திரையை இழுப்பார், மீசை ஒட்டுவார், மைக் செட்டுக்காரரைப் பார்த்துக் கையசைப்பார், வசனம் மறந்த அரசனுக்கு ஓரத்தில் நின்று எடுத்தும் கொடுப்பார். நாடகம் எப்படியோ நடந்து முடியும். ஊரே பார்த்த அந்த நாடகத்தை அவர் மட்டும் பார்த்திருக்க மாட்டார்.

அந்த ஆசிரியையைப் பார்வையாளர் வரிசையில் உட்காரவைப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. அதற்கு ஒரே வழி, மேடைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர், ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு அதிகாரம் என்று பிரித்துக் கொடுப்பது. கையில் வேலை மட்டும் இருந்து அதிகாரம் இல்லாத பிள்ளை எடுபிடியாகத்தான் இருக்கும்.

எடுத்துக்காட்டுக்கு, எல்லோருக்கும் தெரிந்த மனுநீதிச் சோழன் கதையை அரை மணி நேர நாடகமாகப் போடும் ஒரு மேல்நிலைப் பள்ளியை வைத்துக்கொள்ளலாம். மேடை விளையாட்டுத் திடலில், பந்தல்காரர் போட்டது. ஒலிக்கும் ஒளிக்கும் ஊர் மைக் செட். நடிப்பவர்கள் பன்னிரண்டு பேர் என்றால் பின்னால் இன்னொரு பன்னிரண்டு பேர் வேண்டும். அதைவிடக் குறைத்தால், மேலே சொன்ன ஆசிரியைதான் மறுபடி திரை இழுக்கப் போவார்.

சபாவா, கம்பெனியா?

தமிழ் நாடகத்துக்கு இரண்டு பழைய மாதிரிகள் உண்டு. ஒன்று பாய்ஸ் கம்பெனி. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்வ பால சபையில் டி. கே. எஸ். சகோதரர்கள் சேர்ந்தபோது, அவர்களில் சண்முகத்துக்கு வயது ஆறு. அங்கே பிள்ளைகளுக்குச் சாப்பாடும் படுக்கையும் பாடமும் எல்லாமே நாடகம்தான். இன்னொன்று, பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் நண்பர்களோடு தொடங்கிய சுகுண விலாச சபை. அதில் இருந்தவர்களுக்குப் பகலில் வேறு பிழைப்பு இருந்தது. முதலியாரே வழக்கறிஞராக இருந்து பின்னர் நீதிபதியானவர்.

பள்ளி நாடகக் குழு இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. பிள்ளைகளின் முழுநேர வேலை படிப்பு. நான்கு மணிக்குப் பள்ளி விட்டதும் கிடைக்கும் ஒன்றரை மணி நேரமே நாடகத்துக்கு. அதிலும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் பாதியில் கிளம்புவார்கள். இது தெரிந்தும் கம்பெனி வாத்தியார் மாதிரி நாள் முழுக்க ஒத்திகை வைப்பவர்கள், பொங்கல் விடுமுறை முடிவதற்குள் பெற்றோரின் நல்லெண்ணத்தை இழந்துவிடுகிறார்கள்.

ஆள் எடுக்கும்போதே தேர்வு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆண்டு விழாக்கள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் வருகின்றன. மார்ச்சில் பொதுத் தேர்வு. ஆகவே 10, 12ஆம் வகுப்புகளை மறந்துவிடலாம். 8, 9, 11ஆம் வகுப்புகளே கை கொடுக்கும். பொறுப்பான பதவிகளை 11க்கும், அவர்களுக்கு உதவியாள் பதவியை 9க்கும் கொடுத்தால், இரண்டு ஆண்டுகள் கழித்து அதே 9ஆம் வகுப்புப் பிள்ளை பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

பிரதி கையில் இருக்கிறதா?

சங்கரதாஸ் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று நாடக உலகில் வழிவழியாகச் சொல்வார்கள். பள்ளியில் அது வேண்டாம். விழாவுக்கு ஆறு வாரம் முன்பே பிரதி முடிந்திருக்க வேண்டும். அதன்பின் வரி குறையலாம், கூடக் கூடாது. தட்டச்சுப் பக்கம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது பொதுவான கணக்கு. பாட்டும் சண்டையும் இருந்தால் அதைத் தனியாகக் கடிகாரம் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எழுதுகிறவரைவிட வெட்டுகிறவர் முக்கியம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றியபோது, விடிய விடிய ஆடப்படும் ஒன்றை நவீன மேடைக்கும் நகரப் பார்வையாளர்களின் பொறுமைக்கும் ஏற்பச் சுருக்க வேண்டியிருந்தது. 1964இல் வந்த ‘இராவணேசன்’ அந்த வழியிலேயே பிறந்தது. அதில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் ஈழத்து அரங்கின் பெரும்பெயர்களில் ஒருவரானார். பள்ளியில் இந்த வெட்டும் வேலையை, நடிக்காத ஒரு மாணவரிடம் தருவது நல்லது. நடிக்கிற பிள்ளை தன் வசனத்தை வெட்ட மனம் ஒப்பாது.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், ஒரு கல்வி நிறுவனத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் தங்கள் கல்விப் பணியின் பகுதியாக நாடகம் போட்டு, அதை அவர்களும் பெற்றோரும் நிறுவனத்தோடு நேரடித் தொடர்பு உள்ளவர்களும் மட்டும் பார்த்தால் அது மீறல் ஆகாது என்கிறது. டிக்கெட் போட்டு ஊருக்கே காட்டினாலோ, காணொளியை இணையத்தில் ஏற்றினாலோ இந்தச் சலுகையை நம்பி இருக்க முடியாது; அப்போது எழுதியவரிடம் அனுமதிக் கடிதம் வாங்குவதே முறை. இந்தியாவில் ஒரு படைப்பின் உரிமை, எழுதியவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். பம்மல் சம்பந்த முதலியார் 1964இல் காலமானார். அவருடைய ‘சபாபதி’ போன்ற நகைச்சுவை நாடகங்களை 2025 முதல் எந்தப் பள்ளியும் யோசிக்காமல் எடுத்து ஆடலாம். எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர் வைத்த அந்தக் குறும்பு இன்றும் பிள்ளைகளிடம் நன்றாக எடுபடும்.

மேடை மேலாளர்

பின்னணிக் குழுவில் ஒரே ஒரு பதவியைத்தான் உருவாக்க முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். இயக்குநர் என்பவர் ஒத்திகைக் காலத்து அரசர். விழா அன்று திரை விலகிய கணத்திலிருந்து அவருக்கு வேலை இல்லை. அதற்குப் பிறகு நாடகம் மேடை மேலாளரின் கையில். அவர் சொல்லாமல் விளக்கு எரியக் கூடாது, திரை அசையக் கூடாது, தலைமையாசிரியரே வந்து நின்றாலும் மேடை ஓரத்தில் இடம் தரக் கூடாது. கடைசியாகச் சொன்னதை ஒரு 11ஆம் வகுப்பு மாணவி செய்ய வேண்டுமென்றால், தலைமையாசிரியரிடம் இயக்குநர் முன்கூட்டியே பேசிவைத்திருக்க வேண்டும்.

இந்த வேலைக்குச் சத்தம் போடுகிற பிள்ளை சரிப்படாது. நிதானமானவர், நேரத்துக்கு வருகிறவர், கையெழுத்து புரிகிறவர் போதும். வகுப்பில் கையே தூக்காத பிள்ளைகளில் பலர் இங்கே பிரமாதமாக வருவார்கள்.

அவருடைய ஆயுதம் ஒரு தடித்த நோட்டு. நோட்டின் வலப்பக்கம் முழுக்க நாடகப் பிரதி ஒட்டப்பட்டிருக்கும்; இடப்பக்கம் காலி. யார் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார், எங்கே நிற்கிறார், எந்தச் சொல்லில் விளக்கு மாறுகிறது, எப்போது மணி அடிக்கிறது என எல்லாம் அந்த இடப்பக்கத்தில் பென்சிலால் எழுதப்படும். பேனா கூடாது. ஒத்திகை நடக்க நடக்க முக்கால்வாசி மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண் உண்டு: ஒளி 1, ஒளி 2, ஒலி 1, திரை 1. மாற்றத்துக்கு அரைப் பக்கம் முன்பாகவே “தயார்” என்று ஒரு குறி இருக்க வேண்டும். “ஒளி ஆறு, தயார்” என்று சொன்னதும் விளக்குப் பிள்ளை விசையில் கை வைக்கும். “ஒளி ஆறு, போடு” என்றதும் விளக்கு மாறும். ‘போடு’ என்ற சொல்லை நாடகம் முடியும்வரை வேறு எதற்காகவும் அந்தப் பக்கம் யாரும் உச்சரிக்கக் கூடாது. “அந்தச் செருப்பை அங்க போடு” என்று ஒருவர் சொல்லப் போய், அரசவை இருண்டுவிடும்.

காதில் மாட்டும் பேசுகருவி வாங்கப் பள்ளிகளால் முடியாது. தேவையும் இல்லை. விளக்கு, ஒலி மேசை பார்வையாளர்களுக்குப் பின்னால் இருந்தால், மேடை ஓரத்திலிருந்து அங்கே தெரிகிற மாதிரி சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய டார்ச் போதும். டார்ச் எரிந்தால் தயார், அணைந்தால் போடு. பெரிய அரங்குகளிலும் ஒற்றை விளக்கை வைத்து இதே முறையில் குறி காட்டுவதுண்டு. கைபேசிச் செய்தியை நம்பக் கூடாது. பிள்ளைகளும் பெற்றோரும் குழுமிய திடலில் அலைவரிசை எந்த நேரத்தில் திணறும் என்று சொல்ல முடியாது.

வசனம் எடுத்துக் கொடுப்பவர் வேறொருவராக இருக்க வேண்டும். ஒருவரே இரண்டையும் பார்த்தால் இரண்டும் கெடும். எடுத்துக் கொடுக்கும் பிள்ளை ஒத்திகைகளில் ஒன்றையும் தவறவிடக் கூடாது. காரணம், அரசன் பேசாமல் நிற்பது துக்கத்தாலா, மறதியாலா என்று அந்தப் பிள்ளைக்குத்தான் தெரிய வேண்டும். மகனைத் தேர்க்காலில் இடுவதென்று முடிவெடுக்கும் முன் அரசன் எடுத்துக்கொள்ளும் அந்த நீண்ட மௌனத்தில், ஓரத்திலிருந்து “அமைச்சரே... அமைச்சரே...” என்று ஒரு கிசுகிசுப்பு வந்தால் காட்சி அத்தோடு போயிற்று.

ஒரு மணி, நான்கு துறை

பிரித்த வேலைகள் எப்படி ஒன்றுசேர்கின்றன என்பதை அந்த ஆராய்ச்சி மணியை வைத்தே பார்த்துவிடலாம். பசு வந்து கயிற்றை இழுக்கிறது, மணி அடிக்கிறது, அரசன் எழுகிறான். பார்ப்பவருக்கு ஒரே நிகழ்ச்சி. பின்னாலிருப்பவர்களுக்கு நான்கு.

பிராப்பர்ட்டி பார்க்கும் பிள்ளை முதலில் மணியைத் தொங்கவிட வேண்டும். உண்மையான வெண்கல மணி கனமானது. பந்தல் கம்பில் கட்டினால் கம்பு வளையும், விழுந்தால் கீழே நிற்கும் பிள்ளையின் தலை. ஆகவே மேடையில் தொங்குவது அட்டையும் காகிதக் கூழும் கொண்டு செய்து, பித்தளை நிறம் பூசியது. ஓசை வேறு இடத்திலிருந்து வர வேண்டும். பதிவுசெய்த மணியோசையைவிட, ஓரத்தில் நின்று அடிக்கும் நிஜ மணிக்கு உயிர் அதிகம். பள்ளி மணியையே எடுத்து அடிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதைக் கேட்டதும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடும் வாய்ப்பு உண்டு என்பதால், கோயில் கைமணியே உத்தமம்.

அடுத்தது பசு. வெள்ளைத் துணிக்குள் குனிந்து நடக்கும் இரண்டு பிள்ளைகளுக்குக் கயிறு கண்ணுக்குத் தெரியாது. கயிற்றின் நுனி அவர்கள் தலை உயரத்துக்கு எட்ட வேண்டும். நிற்கும் இடத்தில் தரையில் வெள்ளை டேப் ஒட்டியிருக்க வேண்டும். சாக்பீஸ் கோடு முதல் நடனத்திலேயே அழிந்துவிடும். பசுவின் கொம்பு கயிற்றில் பட்ட பிறகே ஓசை வர வேண்டும். முன்னால் வந்தால் சிரிப்பு, பின்னால் வந்தாலும் சிரிப்பு. எனவே மணி அடிப்பவர் பசுவைப் பார்க்க முடிகிற இடத்தில் நிற்க வேண்டும், மேடை மேலாளர் இருவரையும் பார்க்க வேண்டும். மூன்று முறை மணி. அரசன் பாதிப் பேச்சில் நிறுத்துகிறான். அவை விளக்கு மங்கி, மணிமேல் மட்டும் ஒளி விழுகிறது. பதினைந்து வினாடிதான். இதை மட்டும் தனியாகப் பத்து முறையாவது செய்து பார்க்க வேண்டும்.

வசனமே பேசாமல், விளக்கும் ஒலியும் பொருள்களும் மாறும் இடங்களை மட்டும் வரிசையாக ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு முழு மாலை ஒதுக்குவது அவசியம். நடிகர்களுக்கு அது அலுப்பான நாள். பின்னணிக் குழுவுக்கு அதுதான் அரங்கேற்றம்.

வெளிச்சமும் நெருப்பும்

விளக்குப் பொறுப்பாளர் முதலில் பார்க்க வேண்டியது பஞ்சாங்கம். பிப்ரவரி நடுவில் சென்னையில் சூரியன் மறைய மாலை ஆறேகால் ஆகிவிடுகிறது. திறந்த வெளியில் ஆறு மணிக்கு நாடகம் வைத்தால் எத்தனை விளக்கு வாடகைக்கு எடுத்தும் பயனில்லை. நிகழ்ச்சி நிரலில் ஏழு மணிக்குமேல் இடம் கேட்டு வாங்குவது இயக்குநரின் பொறுப்பு. சிறப்பு விருந்தினர் எப்படியும் தாமதமாகத்தான் வருவார் என்று நம்பி இருப்பதும் ஒரு வழி. ஆனால் அவர் என்றைக்காவது சரியான நேரத்துக்கு வந்துவிடுவார்.

மின்கணக்கைப் பிள்ளைகளே போடலாம், இயற்பியல் பாடத்தில் இருப்பதுதான். பழைய வகை ஆயிரம் வாட் பார் விளக்கு ஒன்று, 230 வோல்ட்டில் நான்கு ஆம்பியருக்குமேல் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் ஒன்றுதான் தாங்கும். 16 ஆம்பியரில் மூன்று. எல்இடி பார் விளக்குகள் இதில் சிறு பங்குதான் எடுக்கும், சூடும் குறைவு. இரண்டும் கிடைக்கிற ஊரில் எல்இடியையே கேட்டு வாங்க வேண்டும். கணக்குப் போடுவதோடு பிள்ளைகளின் வேலை முடிந்தது. இணைப்புக் கொடுப்பதும் ஏணியில் ஏறுவதும் உரிமம் பெற்ற மின்பணியாளர் செய்ய வேண்டியவை. இதில் விதிவிலக்கே கிடையாது.

நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் தேவி பால வினோத சங்கீத சபையும், பின்னாளில் ‘இலங்கேஸ்வரன்’ போட்ட ஆர். எஸ். மனோகரின் குழுவும் தந்திரக் காட்சிகளுக்குப் பேர்போனவை. அவற்றைப் பற்றிக் கேள்விப்பட்ட யாராவது ஒருவர் மேடையில் தீப்பந்தம் வேண்டும் என்று அடம்பிடிப்பார். அந்தக் குழுக்களில் அதே காட்சியை ஊர் ஊராக நடத்திக் கைப்பழக்கம் பெற்ற ஆட்கள் இருந்தார்கள். ஒரே ஒரு இரவு நடக்கும் பள்ளி நாடகத்துக்கு அது பொருந்தாது. 2004 ஜனவரியில் திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கீற்றுக் கூரை தீப்பிடித்ததில் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் கும்பகோணத்தில் பள்ளிக் கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டார்கள். கீற்றும் துணியும் நெரிசலும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அதற்குமேல் விளக்கத் தேவையில்லை. விளக்குக்கு அருகில் துணித் தோரணம் கூடாது. மேடைக்குப் பின்னால் இரண்டு வழிகள் எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். தீயணைப்பானை எடுத்து இயக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும்.

ஒலியில் இப்போது ஒரு குறுக்குவழி பரவியிருக்கிறது. வசனங்களை முன்பே பதிவுசெய்து ஒலிபரப்பி, பிள்ளைகளை வாயசைக்க விடுவது. தெளிவாகக் கேட்கும், மறதி பயம் இல்லை என்பார்கள். ஆனால் எடுத்துக் கொடுப்பவருக்கும் மணி அடிப்பவருக்கும் வேலை போய்விடுகிறது. பசு வர ஒரு நொடி தாமதித்தாலும் அரசன் காத்திருக்க முடியாது. மேடையின் முன்விளிம்பில் இரண்டு மூன்று மைக்குகளைத் தாழ வைத்து, முகத்தைப் பார்வையாளர் பக்கம் திருப்பி நிறுத்திப் பேசப் பழக்கினால் பள்ளித் திடலுக்கு அது போதும்.

உடையும் முகமும்

டிராமா டிரஸ் வாடகைக் கடைகளுக்கு ஜனவரி, பிப்ரவரிதான் அறுவடை. டிசம்பரிலேயே முன்பணம் கட்டாவிட்டால், ஐந்தடிப் பையனுக்கு ஆறடி அரசனின் உடை வந்து சேரும். உடைப் பொறுப்பாளர் ஒவ்வொருவரின் உயரம், மார்பு, இடுப்பு, தலைச்சுற்றளவை ஒரு தாளில் எழுதிக் கடைக்கு எடுத்துப்போக வேண்டும். தலைச்சுற்றளவைத்தான் எல்லோரும் மறப்பார்கள். கண்வரை இறங்கும் கிரீடத்தோடு நீதி வழங்குவது சிரமம். ஊக்கு, ஊசி நூல், கறுப்பு நாடா மூன்றும் அவர் இடுப்புப் பையில் எப்போதும் இருக்கட்டும்.

ஒப்பனைக்கு வெளியாளைக் கூப்பிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பன்னிரண்டு முகங்களுக்கு ஒரே ஆள், ஒரே பஞ்சு. இது சுகாதாரக் கேடு மட்டுமில்லை, வீணும்கூட. கட்டைக்கூத்தில் ஆடுகிறவர்களே தங்கள் முகத்தை எழுதிக்கொள்கிறார்கள். காஞ்சிபுரம் அருகே புஞ்சை அரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002இல் நிறுவிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் சிறுமிகளும் சிறுவர்களும் பள்ளிப் படிப்போடு சேர்த்தே அந்தக் கலையைப் பயின்றார்கள். பன்னிரண்டு வயதில் வேஷம் கட்டத் தெரிந்துகொள்ளும் பிள்ளைகள் இருக்கும்போது, ஒரு மீசை வரைய மற்றவர்களுக்கு வெளியாள் எதற்கு? ஒப்பனைப் பொறுப்பாளர் கற்றுக்கொடுக்கலாம், சரிபார்க்கலாம். ஒருவர் பயன்படுத்திய பஞ்சை இன்னொருவர் தொடக் கூடாது. மீசை ஒட்டும் பசையோ வண்ணமோ எதுவானாலும், முந்தைய நாளே முழங்கையின் உட்பக்கத்தில் தடவி அரிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பழைய அரிதாரம் ஆர்சனிக் கலந்த கனிமம்; யார் வீட்டுப் பரணிலிருந்து வந்தாலும் பிள்ளைகள் முகத்துக்கு வேண்டாம். கலைக்கத் தேங்காய் எண்ணெய் போதும்.

இலங்கையில் இந்த வேலைகள் பாடமாகவே இருக்கின்றன. அங்கே சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் ‘நாடகமும் அரங்கியலும்’ ஒரு பாடம். ஒளியமைப்பும் வேடவுடையும் அதற்குள் வரும். 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் சிறுவர்களுக்கென்றே எழுதிய நாடகங்களில் பாட்டும் ஆட்டமும் உடலசைவுமே பெரும்பங்கு. கையில் காசில்லாத பள்ளி அரங்க அமைப்பைக் குறைத்து இந்தப் பக்கம் திரும்பலாம். பிள்ளைகளே தேராகவும் தூணாகவும் நின்றால் தச்சருக்குக் கொடுக்கும் பணம் மிச்சம்.

முன்வாசலும் மறுநாளும்

முன்வாசல் குழுவை மறந்துவிடக் கூடாது. நாற்காலி போடுவது, நாடகம் நடக்கும்போது மேடைக்கு முன்னால் கைபேசியோடு வந்து நிற்கும் அப்பாக்களைப் பணிவாக உட்காரச் சொல்வது, நடித்து முடித்த சின்னப் பிள்ளைகளை அவரவர் வீட்டாரிடம் மட்டும் ஒப்படைப்பது ஆகியவை இவர்கள் வேலை. கணக்கு எழுதும் பிள்ளை ஒன்று தனியாக வேண்டும். ஊக்குப் பாக்கெட் உட்பட எல்லாவற்றுக்கும் ரசீது.

அழைப்பிதழில் நடிகர்களுக்கு நிகராகப் பின்னணிக் குழுவின் பெயர்களும் பதவியோடு அச்சாக வேண்டும். இடமில்லை என்று சொன்னால் வாழ்த்துரை வழங்குவோர் பட்டியலில் இரண்டு பேரைக் குறைக்கலாம்.

மறுநாள் காலை பத்து மணிக்குள் வாடகை உடைகள் எண்ணிப் பார்த்துத் திருப்பித் தரப்பட வேண்டும். கிரீடத்தில் உதிர்ந்த கற்களுக்கு முன்பணத்தில் பிடிப்பார்கள் என்பதால், வாங்கும்போதே படம் எடுத்து வைத்திருப்பது நல்லது. டேப்புகளை உரித்து, கயிறுகளைச் சுருட்டி, அட்டை மணியை வைப்பறைக்கு அனுப்பிய பிறகு, அந்த வாரத்துக்குள் அரை மணி நேரம் குழு முழுதும் உட்கார்ந்து பேச வேண்டும். எந்த மாற்றம் தாமதமானது, எந்தப் பொருள் கடைசி நிமிடத்தில் தேடப்பட்டது, எங்கே கணக்கு இடித்தது என்ற மூன்று கேள்விகள் போதும். மேடை மேலாளர் பதில்களைத் தன் நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேதியோடு எழுதி, பள்ளி நூலகத்தில் பதிவுசெய்து வைக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போனால் அடுத்த டிசம்பரில் புது மேலாளர் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.